கம்பி சுற்றிய மேப்பிள்

1

போன மாதம் ஒருநாள் காலை எங்கள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். கருநீலச் சட்டை, நெஞ்சில் தைத்த பெயர், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் வோக்கி டோக்கி. கதவைத் திறந்ததும் என் தோளுக்கு மேலாகப் பல்கனியைப் பார்த்து ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். வேகமாகக் கேட்டார். எனக்குப் பிடிபட்டவை இரண்டு சொற்கள்தான். "பொட்." "வயர்."

பல்கனியில் என் மேப்பிள் இருந்தது. ஒரு முழ உயரம்தான், ஆனால் வயதான மரத்தின் தோற்றம் வந்துவிட்டது. குளிர்காலம் முடியாததால் ஓர் இலைகூட இல்லை. கிளைகளை நான் நினைத்த பக்கம் படிய வைக்க அடியிலிருந்து நுனிவரை செப்புக் கம்பி சுற்றியிருந்தேன்.

நான் ஓடினேன். எழுபது தாண்டியவன், முழங்கால் வலிக்காரன், பல்கனிக்கு ஓடிப்போய்க் குந்தி வெறுங்கையால் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினேன். "நோ வயர், சேர்! ஒன்லி ட்ரீ! ட்ரீ ஸ்லீப்பிங், சேர்!" என்று சொல்லிக்கொண்டே பிரித்தேன். போன்சாய் தெரிந்த எவனும் கம்பியைப் பிரிக்க மாட்டான். துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுப்பான். பிரித்தால் கிளை முறியும். முறிந்தது. இரண்டு கிளை. வருடக்கணக்காக நான் பிள்ளையைப் போல வளைத்துக் கொண்டுவந்தவை.

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா ஓடி வந்தாள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவள், ஆங்கிலம் என்னைவிடத் தேவலை. அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க பண்றீங்க? பல்கனிக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம். வயர் சுத்துன சட்டிய உள்ள எடுத்து வையுங்கன்னு சொல்றாரு. கட்டடம் பாக்குற ஆளுங்க அவரு."

அவர் முறிந்த கிளையைப் பார்த்து முகம் சுளித்து, "நைஸ் ட்ரீ" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குந்தியபடியே முறிந்த கிளை இரண்டையும் பொறுக்கினேன்.

அன்று பின்னேரம் சரோஜா மகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மறுபக்கம் ரமேஷ் சிரிக்கவில்லை. "அவர்கிட்ட அந்த மரத்த தூக்கிப் போடச் சொல்லும்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கண்டியில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கனடாவில் மரத்தைச் சட்டியில் வளர்த்துக்கொண்டு ஜாலியாக இருக்கிறேன் என்று நினைப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

தெரியாதவர்களுக்கு முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு சரி. பேராதனைப் பக்கம் ஒரு நாற்றுமேடையில் புல் பிடுங்கப் போனவன், கட்டுகஸ்தோட்டை ரோட்டில் சொந்தமாகச் செடிக்கடை போட்டேன். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். மண்சட்டிகூட வெடிக்கும் அளவுக்கு எரித்தார்கள். அடுத்த வீட்டுச் சுமனா அக்காவின் அடுப்படியில் நானும் சரோஜாவும் மூன்று வயது ரமேஷோடு ஒளிந்திருந்தோம். சுமனா அக்கா சிங்களப் பொம்பளை. வாசலில் குந்தி, வந்தவன் போனவனையெல்லாம் வாயாலேயே விரட்டினாள். ரமேஷ் அழுதால் அவன் வாயில் சீனி முடிந்த துணி வைத்தாள்.

தீ அணைந்த மறுமாதம், எரிந்த அதே இடத்தில் நான் திரும்பவும் கடை போட்டேன். வேறு எவன் போடுவான்? நகரத்துப் பெரிய பங்களாக்கள் பலவற்றின் தோட்டம் என் கை பட்டதுதான். பூக் கண்காட்சியில் முதற்பரிசு எடுத்திருக்கிறேன். மேடையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் படித்தவர்கள், கார்க்காரர்கள். தோட்டத்து லயத்துக்காரன் நடுவில் நின்றேன்.

அந்தக் காலத்தில் ஜப்பான்காரர் ஒருவர் வேலைத்திட்டம் ஒன்றுக்காகக் கண்டியில் வந்து தங்கியிருந்தார். என் கடைக்கு வருவார். அவருக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. எனக்கு அவர் பாஷை தெரியாது. செடி முன்னால் நின்றால் இருவருக்கும் எல்லாம் விளங்கும். போகும்போது தன் மேப்பிள் கன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நட்சத்திரம் மாதிரி இலை. துளிர்க்கும்போது குங்குமச் சிவப்பு. சட்டி மண்ணுக்குச் செங்கல் பொடியைச் சலித்துப் போடுவது, கம்பி சுற்றுவது, வேரை நறுக்குவது எல்லாவற்றையும் கையாலேயே காட்டித் தந்தார். இலங்கையில் அப்படியொரு மேப்பிள் வேறு எவரிடமும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்திருந்தால் என் காதுக்கு வந்திருக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினார். மரம் தூங்க வேண்டும். வருடத்தில் சில மாதம் குளிரில் இலையையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் இளைத்து இளைத்துச் சாகும்.

கண்டியில் எந்த மரம் தூங்குகிறது? மழை விட்டால் துளிர், வெயில் அடித்தால் பூ. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நுவரெலியாவுக்கு அந்தப் பக்கம், கந்தப்பளையில் லீக்ஸ் பயிர் செய்யும் கூட்டாளி ஒருவன் இருந்தான். வருடக் கடைசியில் மரத்தை அவனிடம் கொண்டுபோய் விடுவேன். பனி கொட்டும். இலை சிவந்து உதிரும். தை முடிந்து மாசி பிறக்கையில் போவேன். இலையில்லாத நேரத்தில்தான் கிளையின் கோலம் தெரியும்; அப்போதே கம்பி சுற்றி, சட்டியோடு மரத்தைக் கட்டி, பஸ்ஸில் கண்டிக்குக் கொண்டு வருவேன். வந்து ஒரு வாரம், பத்து நாளில் துளிர்க்கும்.

பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதிக்கு அனுப்பிக் கூட்டி வருகிற மாதிரி, வருடா வருடம்.

3

இங்கே கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். பஸ் ஜன்னலால் பார்க்கிறேன், ஊர் முழுக்க ஒரு மரத்திலும் இலை இல்லை. ரோட்டோரம், பள்ளிக்கூட வாசல், சுடலை, எங்கும் குச்சி. எனக்கு வேர்க்கிறது. பக்கத்து சீட்டுப் பெண் பாட்டுக் கேட்கும் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாள். யாருக்கும் பயம் இல்லை.

சரோஜாவிடம் சொன்னேன், "எல்லாம் செத்திருச்சு பாரு" என்று.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும். மேப்பிள் வாத்தியாரு."

தெரியும். எனக்குத் தெரியாத மேப்பிளா? ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பனி விட்ட பிறகு துளிர் வருகிறதா என்று பார்க்கிற அந்தச் சில வாரம், ராத்திரியிலும் எழும்பிப் பல்கனிக்குப் போவேன்.

இங்கே ஒரு போன்சாய்ச் சங்கம் இருக்கிறது. முதல் கூட்டத்துக்குப் போனபோது, கண்டி மரத்தைக் குளிருக்கு அனுப்பிய கதையை, "மை ட்ரீ இஸ் ஹாஸ்டல்" என்று சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. இப்போது அவர்களே, நான் இங்கே வந்து புதிதாக வாங்கி வளர்த்த மேப்பிளைச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் வேர் உறையாமலிருக்க மீன் கொண்டுவரும் ரெஜிஃபோம் பெட்டியில், அந்த வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில், சட்டியை வைத்து, உதிர்ந்த இலையால் மூடுகிறேன். அதைப் பார்த்து அவர்களும் செய்கிறார்கள்.

ரமேஷ் வேறு மாகாணத்தில் இருக்கிறான். விமானத்தில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்தியைக் காட்டுவான். அவளுக்குத் தமிழில் "தாத்தா", "சாப்பிட்டீங்களா" இரண்டும் வரும். ஒருமுறை நான் போனைப் பல்கனிப் பக்கம் திருப்பி மரத்தைக் காட்டினேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

"என்னாப்பா சொல்றா?" என்று ரமேஷிடம் கேட்டேன்.

"ஏன் கட்டி வச்சிருக்கீங்கன்னு கேக்குறா. நோவாதான்னு."

"நோவாதுன்னு சொல்லு. கொஞ்ச நாளைக்குத்தான், பெறகு அவுத்துருவேன்னு சொல்லு."

அவன் சொல்லவில்லை. போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இனித்தான் சொல்லப் போகிறேன்.

4

தொண்ணூற்றெட்டு, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்த வருடம். அதற்கடுத்த நாட்களில் கண்டியில் தமிழ் ஆள் எப்படி நடந்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையை ஆட்டாமல் நடந்தோம். பஸ்ஸில் தமிழ் பேசாமல் இருந்தோம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, பை இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருந்தோம். ரமேஷைப் போன்ற வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் தாய்மார் வாசலிலேயே நின்றார்கள்.

மாசி வந்தது. மரம் கந்தப்பளையில் இருக்கிறது. துளிர்க்கும் முன்பு கம்பி சுற்றி, மண் மாற்றிக் கொண்டுவர வேண்டும்.

"ஒரு வருசம் அங்கேயே கெடக்கட்டுமே" என்றாள் சரோஜா.

"அங்க கெடந்தா லீக்ஸுக்கு மருந்தடிக்கிறப்ப அதுக்கும் சேத்து அடிச்சிருவான். நான் போய்ட்டு வந்துருவேன். என்னையத் தெரியாத பொலிஸ் இருக்கா இந்த ரோட்டுல?"

அந்த வருடம் எனக்குத் தோள்மூட்டில் வலி. சட்டி கனம். ரமேஷ் தானாகவே, "நான் தூக்குறேன்பா" என்று வந்தான். சரோஜா அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, பிறகு யோசித்து, சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

போகும்போது ஒன்றும் இல்லை. கந்தப்பளையில் ஒரு பகல் முழுக்க இருந்து வேலையை முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எந்த மரத்துக்கும் நான் கம்பி சுற்றியதில்லை. புதுச் செப்புக் கம்பி கிடைக்காமல், பழைய கரண்ட் வயரின் தோலை உரித்து எடுத்தது. சில இடத்தில் சிவப்பும் கறுப்புமாகத் தோல் ஒட்டியிருந்தது. மரம் ஆடாமல் இருக்க, சட்டியின் அடித்துளை வழியாகவும் கம்பி விட்டு வேரோடு முறுக்கிக் கட்டினேன். மிச்சக் கம்பிச் சுருளும் குறடும் ரமேஷின் பையில்.

இப்போது படிக்கிற உங்களுக்கு உடனே விளங்கும். எங்களுக்கு அன்று விளங்கவில்லை. நான் மரத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அது மரமாகத்தான் தெரிந்தது.

மலை இறங்கி, கம்பளைக்கு வருமுன் ஒரு செக்பொயின்ட். எல்லாரையும் இறக்கினார்கள். ரமேஷ் சாக்கால் மூடிய சட்டியை மடியில் அணைத்தபடி இறங்கினான். சிப்பாய் ஒருவன் சாக்கை விலக்கினான். பின்னுக்குப் போனான். சின்னப் பையன்தான், எங்கள் ரமேஷ் வயது. அவன் முகத்தில் நான் கண்டது கோபம் இல்லை. அவனும் பயந்துவிட்டான். அதுதான் என்னைக் கொன்றது.

"மொகக்த மே? என்ன இது?"

"கஹக், சேர்" என்றேன். மரம். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சிங்களம், பூ விற்கிற சிங்களம். அதில் சொன்னேன்: "மரம் தூங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல எழும்பும்."

அவன் துப்பாக்கியைத் தூக்கினான். பஸ்ஸில் வந்த சனம் எல்லாம் ரோட்டின் அந்தப் பக்கம் ஓடியது. ஒரு கிழவி மட்டும் ஓட முடியாமல் நடு ரோட்டில் குந்திவிட்டாள்.

சட்டியை என்னையே தூக்கச் சொன்னார்கள். பக்கத்து வயலுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்து, மரத்தைப் பிடுங்கிக் காட்டச் சொன்னார்கள். ரமேஷை முழங்காலில் நிற்க வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். நான் வரப்பில் நடந்தேன். சட்டியில் குண்டு இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆனாலும் சொல்கிறேன், அந்த வரப்பில் எனக்கே சந்தேகம் வந்தது. அத்தனை துப்பாக்கி ஒரு சட்டியைப் பார்த்தால், அதற்குள் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

அடிக்கம்பியை நறுக்கினேன். மரத்தை உருவினேன். வேரைத் தூக்கிக் காட்டினேன். செங்கல் பொடி வயலில் கொட்டியது. வெயில் சுள்ளென்று வேரில் அடித்தது. நகத்தால் பட்டையைக் கீறி, "பச்சை, சேர்! உயிர் இருக்கு!" என்று கத்தினேன்.

அங்கே நின்ற சார்ஜன்ட் சொன்னார், "முருங்கைக் குச்சிய வெட்டிப் போட்டாலும் பச்சைதான் இருக்கும்."

சரியாகத்தான் சொன்னார்.

குண்டில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன், பையில் கம்பிச் சுருள், குறடு. செத்த குச்சி ஒன்றுக்குக் கம்பி சுற்றி மலையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வருகிறார்கள். யாராவது செத்த குச்சியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்களா? குண்டு கட்டப் பழகிப் பார்க்கிறார்களா? யார் சொல்லிக் கொடுத்தது? பிடுங்கிய மரத்தை நான் சட்டியில் திணித்ததும், ரமேஷையும் சட்டியையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்; நான் அடுத்த பஸ்ஸில் பின்னால் போனேன்.

5

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுத மாட்டேன். இவ்வளவு தூரத்தில் இருந்தும் எழுதக் கை வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. தூங்கிப் பல நாளான கண். சிங்களத்தில் நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன்.

"இது மரம்னு சொல்ற. இலை எங்க?"

"வரும், சேர்."

"எப்ப வரும்?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்று ரமேஷ் சொல்வான். மூடியிருந்தால் சட்டியை எறிந்துவிட்டு எங்களை விட்டிருப்பார்களாம். அவனுக்கு என்ன தெரியும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத தமிழனை அந்த மாதம் யார் விட்டார்கள்? நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "பத்து நாள்ல வரும், சேர். சிவப்பா வரும். இலங்கையிலேயே நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கண்டி முழுக்க என்னையக் கேட்டுப் பாருங்க, நான் சொன்னா மரம் கேக்கும்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"சரி. இலை வரட்டும். இலை வந்தா இது மரம். மரம்னா ஒன் மகன் தோட்டக்காரன் மகன். வரலன்னா இது கம்பி சுத்தின குச்சி. அப்ப ஒன் மகன் யாருன்னு நாங்க வேற மாதிரி கேப்போம்."

சட்டியை ஜன்னல் திண்டில் வைத்து ஒரு கிளையில் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டினார்கள். ரமேஷைப் பின்னால் கொண்டு போனார்கள். அவன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நேராகச் சுமனா அக்கா வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் மறுநாளிலிருந்து கிராம சேவகர், பாடசாலை அதிபர், பன்சலை என்கிற புத்தக் கோயிலின் பெரிய சாது என்று கதவு கதவாக ஏறினார்கள். நான் பொலிஸுக்குப் போனேன். தினமும் போனேன், ஒரு போத்தல் மழைத்தண்ணீரோடு.

என்னை விட்டார்கள். தமாஷுக்கு விட்டார்கள். "கஹ டொக்டர் வந்துட்டாரு" என்பான் வாசலில் நிற்பவன். மர டொக்டர். நான் சிரிப்பேன். ஜன்னலருகே போய், வெயில் படுகிற பக்கத்தைப் பார்த்துச் சட்டியைத் திருப்புவேன், தண்ணீர் தெளிப்பேன், மொட்டுகளைப் பார்ப்பேன்.

எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. தூங்குகிற மரத்தை அடிக்கம்பி அறுத்துப் பிடுங்கி, வெயிலில் வேரைக் காய வைத்து, மண்ணும் குறையத் திணித்தால், அது பத்து நாளில் துளிர்க்காது. ஒரு மாதம் ஆகலாம். துளிர்க்காமலே போகலாம். மொட்டு குண்டூசித் தலை மாதிரி, காய்ந்து, இறுகி இருந்தது. நேற்றுப் போலவே இன்று. இன்று போலவே நாளை. அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் மகனுடைய உயிர் ஒரு குண்டூசித் தலைக்குள் இருந்தது. கண்டி முழுக்கத் தோட்டம் போட்டவன் நான். அதைத் திறக்க என்னால் முடியவில்லை.

பின்னாலிருந்து சில நேரம் இருமல் கேட்கும். ரமேஷுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் பட்டால் வருகிற இருமல். அது கேட்டால் உயிர் வரும். கேட்காத நாளில் வாசலில் நிற்பவன் விரட்டும்வரை அங்கேயே நிற்பேன்.

ஒருநாள் இருமல் கேட்டதும் என்னை அறியாமல் தமிழில் உரக்கச் சொன்னேன், மரத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி: "இன்னிக்கு மொட்டு வீங்கியிருக்குடா! செவப்பு தெரியுது!"

"ஏய், கத்தாத!" என்றான் கான்ஸ்டபிள்.

அதற்குப் பிறகு தினமும் சொன்னேன். "மேக்கிளையில ரெண்டு மொட்டு!" "நாளைக்கு, நாளானைக்கு வந்துரும்!" ஒன்றும் வீங்கவில்லை. ஒரு சிவப்பும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

"இன்னும் இல்லியே?"

"வரும், சேர்."

"பத்து நாள்னு நீதான் சொன்ன."

போய்விட்டார். அன்று நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் போகிற பஸ் என்று பார்க்கத் தெரியாமல், கம்பளை ரயில் ஸ்டேஷனில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ரயில் வந்தது, போனது.

6

பத்தாவது நாளும் போனது. அதன் பின் ஒரு காலை, போத்தலோடு போய் நிற்கிறேன். பொலிஸ் படியில் ரமேஷ் உட்கார்ந்திருக்கிறான். செருப்பைக் காலில் போடாமல் கையில் வைத்திருக்கிறான். ஒரு பக்கம் சரோஜா, மறு பக்கம் சுமனா அக்கா. சுமனா அக்கா உள்ளே பார்த்து, "அபே கொல்லா, எங்க புள்ள, சீனித் துணி குடுத்து நான் வளத்த புள்ள!" என்று இன்னும் ஏசிக்கொண்டிருந்தாள். விட்ட பிறகும் நிறுத்தவில்லை. அவளும் சரோஜாவும் பெரிய சாதுவை நேரில் கூட்டி வந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து யாரோ போன் பண்ணியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அன்று அங்கு இல்லவே இல்லை.

நான் கான்ஸ்டபிளிடம் கேட்டேன், "ஆனா சேர், இலை இன்னும் வரலியே?"

சரோஜா என் கையைக் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் வலிப்பது போலிருக்கும். "வாய மூடிக்கிட்டு நடங்க. இலையாம் இலை."

அவளுக்கு அது இன்றுவரை வாய்க்குக் கிடைத்த அவல். "புள்ளைய வெளிய கொண்டாந்தது நானும் சுமனா அக்காவும். இவரு குச்சியப் பாத்துக்கிட்டு நின்னாரு" என்று இங்கே கோயிலில் வைத்துக்கூடச் சொல்வாள். சொல்லட்டும்.

போகிற போக்கில் நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ரமேஷ் எழும்பினான்.

"அப்பா. அதத் தொட்டீங்கன்னா நான் இப்பிடியே திரும்பி உள்ள போயிருவேன்."

தொடவில்லை. சட்டி அங்கேயே இருந்தது.

வீட்டில் கதவு தட்டினால் அவன் கட்டிலுக்குக் கீழே பார்ப்பான், ஒளிய இடம் இருக்கிறதா என்று. ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"நீங்க கத்துனது ஒவ்வொரு நாளும் கேட்டுச்சுப்பா."

"நீ தைரியமா இருக்கணும்னுதான்..."

"மொட்டு வீங்கியிருக்குன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொன்னா ஒங்க கொரலு ஏறும். கடையில வாடுன செடிய விக்கிறப்ப ஏறுற மாதிரி. எனக்குத் தெரியும். உள்ள இருந்து அதக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பயந்தேன். சும்மா இருந்திருந்தீங்கன்னா இலை வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைக் கத்தியிருக்க வேண்டுமா?

7

அடுத்த வருடம் சரோஜாவின் தம்பி மூலமாக ரமேஷுக்குக் கனடா வர ஒரு வழி கிடைத்தது. அதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். அவன் பெயர் அந்த நிலையத்தில் எழுதப்பட்டிருந்தபடியால், வழக்கு ஒன்றும் இல்லை என்று அங்கிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அது இல்லாவிட்டால் பயணம் இல்லை. அவன் அந்த வாசலை மிதிக்க மாட்டான். சரோஜா தன்னோடு சுமனா அக்காவைக் கூட்டிப் போகிறேன் என்றாள். நானே போகிறேன் என்று கிளம்பினேன்.

உள்ளே எல்லாம் புது முகங்கள். மேசையில் இருந்த கான்ஸ்டபிள் வாங்கைக் காட்டினான். உட்கார்ந்தேன். நிமிர்ந்தால் எனக்கு நேரே ஜன்னல். ஜன்னல் திண்டில் என் மரம்.

இலை இருந்தது.

சின்னச் சின்ன இலை. குளிர் காணாமல் இளைத்து, ஓரம் கருகிய இலை. ஆனால் நுனித் துளிர் சிவப்பு, நான் சொன்ன அதே சிவப்பு. யாரோ தேயிலைச் சக்கை போட்டு, தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார்கள். ஒருவரும் கம்பியை எடுக்கவில்லை. அது பட்டைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் மரம் வீங்கி, நடுவில் கம்பி, வீங்கிய விரலில் மாட்டிய மோதிரம் மாதிரி. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மேல்கிளை முழுக்கப் போய்விடும். ஒரு குறடு போதும். நாலு இடத்தில் நறுக்கினால் போதும். என் கை மடியிலேயே திறந்து திறந்து மூடியது.

கான்ஸ்டபிள் ரமேஷின் பெயரை வைத்துக் கடதாசிகளைப் புரட்டினான். புரட்டியபடியே நான் பார்க்கிற பக்கம் பார்த்தான்.

"அழகான மரம், என்ன? வாற எல்லாரும் கேக்குறாங்க, பேரு ஒருத்தருக்கும் தெரியாது. முன்னால இருந்த இன்ஸ்பெக்டர் ஐயா மாறிப் போறப்ப சொல்லிட்டுப் போனாரு, தினமும் தண்ணி ஊத்துங்கன்னு. இதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கானாம். வந்தா குடுத்துரச் சொன்னாரு."

நல்ல மனதோடு சொல்கிறானா? ஆளைப் பிடிக்கச் சொல்கிறானா? குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆம் என்றால் அந்தக் கம்பி, குறடு, வயல் எல்லாம் திரும்பவும் எழும்பும். கடிதம் இன்னும் அவன் கையில். முத்திரை இன்னும் மேசையில்.

"ஒனக்கு மரம் செடி தெரியுமா? தோட்டத்து ஆளு மாதிரி இருக்க" என்று கேட்டான். "இது என்ன மரம்?"

நான் நன்றாக எட்டிப் பார்த்தேன். நேரம் எடுத்துப் பார்த்தேன்.

"தெரியலீங்க, சேர்" என்றேன். "செம்பருத்தியா இருக்குமோ?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "செம்பருத்தியாம்! ஒனக்கு ஒண்ணுமே தெரியாது போல" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்து ரமேஷின் கடிதத்தில் குத்தினான்.